டுக்னாட்: ஒரு நோர்வேச் சொல்லும் அது கேட்கும் உழைப்பும்

ஏப்ரலில் பனி உருகிய கையோடு ஒஸ்லோவின் மாடிக் குடியிருப்புகளில் படிக்கட்டு வாசல்தோறும் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘வோர்டுக்னாட்’. வசந்தகால டுக்னாட் என்று பொருள். டுக்னாட் என்றால் அயலவர் எல்லோரும் ஒரு நாள் கூடிக் கூலியில்லாமல் செய்யும் பொதுவேலை. கீழே நாள், மணி, கையுறை கொண்டு வாருங்கள் என்றொரு வரி, வேலை முடிந்ததும் கோப்பியும் சுட்ட சொசேஜும் உண்டு என்று இன்னொரு வரி. வராவிட்டால் என்ன ஆகும் என்று அதில் பெரும்பாலும் இருக்காது. வந்தால் என்ன கூலி என்றும் இருக்காது.

நான் இருப்பது நகரின் கிழக்கே குரூருட்டாலன் பள்ளத்தாக்கில். 1960, 70களில் எழுந்த அடுக்குமாடிகள். தமிழர், பாகிஸ்தானியர், சோமாலியர், நோர்வேஜியர் என்று ஒரே படிக்கட்டை மிதிக்கிற சனம். இந்தத் தாளை எங்கள் ஆட்கள் பலவிதமாக வாசிப்பார்கள். “சம்பளமில்லாமல் கூட்டத் துடைக்கக் கூப்பிடுகினம், மாதாமாதம் கட்டுற காசு எங்க போகுது?” என்று கேட்பவர்கள் உண்டு. நகராட்சியின் கட்டளை என்று நினைத்து, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றவரையும் எனக்குத் தெரியும். பாதி ஆயுளை ஊரில் வாழ்ந்துவிட்டு வந்த பெரியவர்களோ தாளைப் பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: “உது எங்கட சிரமதானம்தானே, பிள்ளை.”

அந்த விளக்கத்தில் உண்மை நிறைய இருக்கிறது. ஊரில் வாசிகசாலை வளவைத் துப்புரவாக்க, கோயில் கேணியைத் தூர்வார, பள்ளிக்கூடத்து வேலியை அடைக்க என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவார்கள். ஆண்கள் மண்வெட்டியோடு வர, பெண்கள் தேத்தண்ணி ஊற்றுவார்கள். 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கம் சிரமதானம் என்ற சொல்லை இலங்கை முழுக்க, சிங்களத்திலும் தமிழிலும், வீட்டுச் சொல்லாக்கியது. சிரமம் என்றால் உழைப்பு, தானம் என்றால் கொடை. உழைப்பைக் கொடையாகக் கொடுப்பது. நல்ல சொல்.

ஆனால் தானம் என்றதும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். கொடுப்பவரின் கை மேலே, வாங்குபவரின் கை கீழே. டுக்னாட்டில் இந்த மேல் கீழ் கிடையாது. எங்கள் முற்றத்தை நாங்களே கூட்டும்போது யார் யாருக்குத் தானம் செய்கிறோம்? இந்த இடத்தில்தான் அந்தச் சொல்லின் வேரைத் தேடத் தொடங்கினேன். கிடைத்தது, நான் இந்த நாட்டில் அயலோடு பழகும் விதத்தையே மாற்றியது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய நோர்ஸ் மொழியில் ‘டுகா’ என்று ஒரு வினைச்சொல். உதவுதல், பயன்படுதல், போதுமானதாய் இருத்தல், ஒரு காரியத்துக்குத் தகுதியாய் இருத்தல் என்று இத்தனை பொருளும் அந்த ஒரு வினைக்குள் அடக்கம். அதோடு வினையைப் பெயராக்கும் ‘நதர்’ என்ற விகுதி சேர்ந்து ‘டுக்னதர்’ ஆனது: உதவி, துணை. காலப்போக்கில் கடைசி எழுத்துத் தேய்ந்து டுக்னாட். இந்த விகுதியை நோர்வேக்கு வந்த எந்த வெளிநாட்டவரும் வேறு இடங்களில் சந்தித்திருப்பார். மே 17, தேசிய நாளில் நோர்வேஜியர் அணியும் பாரம்பரிய உடை ‘பூனாட்’. ஆயத்தமாதல் என்ற பொருளுள்ள ‘பூவா’ வினையிலிருந்து வந்தது. செலவுக்கு ‘கொஸ்ட்னாட்’. விண்ணப்பத்துக்கு ‘சோக்னாட்’. விசா, குடும்ப இணைவு, குடியுரிமை என்று எத்தனை சோக்னாட் நிரப்பியிருப்போம்! அதே வால் டுக்னாட்டிலும் ஆடுகிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சொல் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நோர்வே பல நூற்றாண்டுகள் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. எழுத்து மொழி டேனிஷ். விண்ணப்பத்துக்கு டேனிஷில் இன்றும் ‘அன்சோக்னிங்’ என்றுதான் சொல்வார்கள், அந்த ‘னாட்’ வால் அதில் இல்லை. டுக்னாட் நகரத்து அலுவலகங்களில் பிறந்த சொல் அல்ல. பள்ளத்தாக்குகளிலும் கடலோரங்களிலும் பேசப்பட்ட பேச்சுமொழி காத்துக் கொடுத்த சொல். எழுதுகிறவர்கள் கைவிட்டாலும் உழைக்கிறவர்கள் விடவில்லை.

‘டுகா’வின் பிள்ளைகள் வடக்கு மொழிகள் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறார்கள், ஆளுக்கொரு குணத்தோடு. சுவீடிஷில் ‘டெ டூகெர்’ என்றால் “இது போதும், பரவாயில்லை.” என்னோடு வேலை செய்த சுவீடன்காரப் பெண்ணொருத்தி எதை முடித்தாலும் இதைச் சொல்வாள். முதலில் அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையில் அது நிறைவின் சொல், தேவைக்கு ஏற்ற அளவு வந்துவிட்டது என்ற நிம்மதி. ஐஸ்லாந்தில் பிள்ளைகளைப் பாராட்டும் சொல் ‘டுக்லெகுர்’, பெண்பிள்ளையானால் ‘டுக்லெக்’, சுறுசுறுப்பானவர், முயற்சியுள்ளவர். ‘டுக்னாதுர்’ என்ற சொல் அங்கேயும் இருக்கிறது, ஆனால் கூட்டு உழைப்பு என்ற பொருளில் அல்ல, ஒரு மனிதரின் ஊக்கம், உழைப்புக் குணம் என்ற பொருளில். ஃபாரோ தீவுகளில் ‘டுகா’ என்றால் ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பது. ஒரு மொழி தெரியுமா என்று கேட்பதற்குக்கூட இந்த வினைதான். நற்பண்புக்கு நோர்வேஜிய மொழியிலும் டேனிஷிலும் உள்ள ‘டீட்’ இதே குடும்பம். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் நாள்தோறும் பார்க்கிற ‘டிக்தி’, அதாவது திறமையானவர், ஜெர்மனியின் வடபகுதி மொழி வழியாகச் சுற்றி வந்த உறவு. எதற்கும் லாயக்கில்லாதவரைத் திட்டும் சொல் ‘ஊடூகெலி’.

இதைப் படித்தபோது எனக்கு நம் ‘உதவு’ நினைவுக்கு வந்தது. இரண்டு மொழிக்கும் இரத்த உறவு கிடையாது. ஆனால் தமிழும் இதே இரண்டு பொருளையும் ஒரே வினையில் வைத்திருக்கிறது. “அவர் எனக்கு உதவினார்” என்றால் துணை செய்தார். “இந்தப் பலகை கதவுக்கு உதவும்” என்றால் பயன்படும், தகும். “ஒன்றுக்கும் உதவாது” என்கிறோம். நோர்வேஜியர் அதையே ‘டெ டூகெர் இக்கெ’ என்கிறார்கள். ஊடூகெலி என்பதற்கு உதவாக்கரையைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. சிரமதானம் என்று மொழிபெயர்த்த பெரியவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: டுக்னாட் என்பது தானம் இல்லை, உதவுதல். கொடுப்பது அல்ல, பயன்படுவது. நீங்கள் இந்த இடத்துக்கு உதவுகிற ஆள் என்பதை நீங்களும் அறிந்து, அயலும் அறிந்துகொள்கிற நாள்.

‘டுகா’ எவ்வளவு பழையது, எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதியொன்றில் நமக்குக் கிடைத்துள்ள ஹாவமால் என்ற அறிவுரைப் பாடலில் ஒரு பாட்டு. அதன் கருத்து இப்படிப் போகும்: கால் ஊனமானவன் குதிரை ஏறலாம், கையில்லாதவன் மந்தை ஓட்டலாம், காது கேளாதவன் போரிட்டுப் பயன்படலாம்; சிதையில் எரிந்தவனைவிடக் கண்ணில்லாதவன் மேல்; பிணத்தால் எவருக்கும் பயனில்லை. காது கேளாதவன் பயன்படுவான் என்ற இடத்தில் மூலத்தில் நிற்கும் வினை ‘டுகிர்’, அதாவது நம் டுகா. அக்காலத்து மனிதர்கள் உடற்குறையை இப்படி அப்பட்டமாகச் சொல்வது இன்று காதுக்குக் கடுமையாக இருக்கலாம். சொல்ல வந்த கருத்தோ பெரியது: உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் உதவுகிற ஒரு இடம் உண்டு.

எங்கள் டுக்னாட்டில் இந்தப் பாட்டு நடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு நோர்வே மூதாட்டி, சில்லு வைத்த ஊன்றுசட்டம் இல்லாமல் நடக்கமாட்டார். அவரை யாரும் “நீங்கள் ஓய்வெடுங்கள்” என்று சொல்வதில்லை. வாசலில் நாற்காலி போட்டு, யார் எந்த வேலையை எடுத்திருக்கிறார்கள் என்று குறிப்பதும் வாஃபிள் சுடுவதும் அவர் வேலை. என் அம்மா வயதான காலத்தில் இங்கே வந்தவர். அவருக்கு நோர்வேஜிய மொழி வராது. ஆனால் மண்ணைத் தொட்டால் சொல்லிவிடுவார், எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று. பூப்பாத்திகள் அவர் பொறுப்புக்குப் போயின. எந்தக் கொம்பை வெட்ட வேண்டும் என்று அவர் விரலால் காட்ட, பக்கத்து வீட்டுக்காரர் வெட்டுவார். எங்கள் குடும்பத்தில் படிக்கட்டு முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்ட முதல் ஆள் அம்மாதான். எனக்குப் பட்டம் இருந்தது, மொழி இருந்தது, வேலை இருந்தது. என் பேர் அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

டுக்னாட் ஏன் இந்த நாட்டில் இவ்வளவு வேரூன்றியது என்பதைப் பழைய வீட்டுக் கூரையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். புல் முளைத்த கூரையுள்ள மரவீடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூரையில் தண்ணீரைத் தடுப்பது புல் அல்ல. அதன் அடியில் அடுக்கடுக்காய்ப் பரப்பிய பேர்ச் மரப்பட்டை. பட்டையை ஆணி அடித்து நிறுத்துவதில்லை, புல்தரையைப் பத்தையாக வெட்டி மேலே வைத்து அதன் பாரத்தால் அழுத்துவார்கள். கீழ்ப் பத்தை புல் கீழே பார்க்க, மேல்பத்தை புல் மேலே பார்க்க. பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ. சிக்கல் என்னவென்றால் மரப்பட்டை வெயில் பட்டதும் சுருளத் தொடங்கிவிடும். பரப்பிய உடனே மண் ஏற வேண்டும். ஒரு குடும்பம் மட்டும் நின்று வாரக்கணக்கில் செய்கிற வேலையல்ல இது. மழையில்லாத நாளாகப் பார்த்து, பல பேர் ஒன்றாய் நின்று, விறுவிறென்று முடிக்க வேண்டிய வேலை. ஆகவே அயல் பண்ணைகள் எல்லாம் வந்தன. வீட்டுக்காரர் புளித்த பாலேட்டில் காய்ச்சிய கஞ்சியும் பியரும் கொடுத்தார். அடுத்த ஆண்டு இன்னொருவர் கூரைக்கு இவர் போனார்.

வைக்கோல் அறுவடை, மரம் இழுத்தல், களஞ்சியம் தூக்குதல், கரையோரத்தில் படகை மேலேற்றுதல் என்று எல்லாம் இப்படித்தான் நடந்தன. பண்ணைகள் தூரம் தூரமாய் இருந்தன, கோடை குறுகியது, கூலிக்கு ஆள் இல்லை. கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு அயல்வட்டம் இருந்ததே, அதே வட்டம்தான் வேலைக்கும் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய டுக்னாட்டின் பல விதிகள் தானாகத் தெளியும். எழுதி வைத்த விதிகள் அல்ல; யாரும் சொல்லித் தரவும் மாட்டார்கள். பார்த்துப் பழகி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், யாரும் உங்களுக்கு வேலை ஏவ மாட்டார்கள். எங்கள் ஆட்கள் வந்து ஓரமாய் நின்று, யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அது மரியாதையால் வருவது. ஆனால் நோர்வேஜியர் கண்ணுக்கு இந்த ஆளுக்கு விருப்பமில்லை என்று தோன்றிவிடும். நேரே போய் “வா கான் யெய் யோர?”, நான் என்ன செய்யலாம், என்று கேளுங்கள். அதைவிட நல்லது, ஒரு குப்பைவாரியைக் கையில் எடுத்து “ஸ்கால் யெய் தா டென்?”, இதை நான் பார்க்கட்டுமா, என்று கேட்பது. வசந்தகாலத்தில் முதல் வேலை, குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கத் தூவிய பொடிக்கல்லைக் கூட்டி அள்ளுவது. தூசி பறக்கும், முகமூடி ஒன்று பையில் இருக்கட்டும். பிறகு வாங்குகளுக்கு வர்ணம் பூசுவது, நிலவறைக் களஞ்சியங்களைக் காலியாக்குவது, பழைய தட்டுமுட்டுகளை வாடகைக்கு வந்து நிற்கும் பெரிய கொள்கலனில் போடுவது.

பதவியை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். நிர்வாகக் குழுத் தலைவர் மற்றவர்களைப் போலவே ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் கல் அள்ளிக்கொண்டிருப்பார். மருத்துவரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே சாக்கின் இரண்டு முனையைப் பிடிப்பார்கள். எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஊரில் மாஸ்டர் என்றும் ஐயா என்றும் அழைக்கப்பட்ட பெரியவர்களுக்கு இது முதலில் கூச்சமாக இருக்கும். அவர்களோடு பிள்ளைகள் யாராவது சேர்ந்து வந்து, அவர்கள் அருகே நின்று வேலை செய்தால் அந்தக் கூச்சம் சீக்கிரம் கரையும்.

அளவுக்கு மிஞ்சியும் செய்யாதீர்கள். நாலு பேர் வேலையை ஒருவரே செய்து முடித்தால் பாராட்டுவார்கள் என்று நாம் நினைப்போம். இங்கே அது மற்றவர்களைச் சங்கடப்படுத்தும். போதும் என்ற சுவீடிஷ் ‘டூகெர்’ இங்கே உதவும்: இடம் சுத்தமானால் போதும், பளபளக்க வேண்டியதில்லை. மணி ஆனதும் வேலையை வைத்துவிட்டுக் கோப்பிக்குப் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பெண்கள் பலர் வேலை முடிந்ததும் வீட்டில் சமையல் கிடக்கிறது என்று ஓடிவிடுகிறார்கள். பழைய காலத்தில் கஞ்சி எப்படி டுக்னாட்டின் பாதியோ, அப்படியே இன்றைய கோப்பியும். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, யாருக்கு வேலை போயிற்று, எங்கே ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் காதில் விழும். மாதக்கணக்கில் லிஃப்டில் தலையாட்டிய ஆளோடு அங்கே பேச்சு வரும்.

மொழி தெரியாதவர்களுக்கு டுக்னாட் ஒரு வகுப்பறை. கூஸ்த் என்றால் விளக்குமாறு, ரீவ என்றால் குப்பைவாரி என்பதைப் பொருளைக் கையில் பிடித்தபடி படித்தால் மறக்காது. பிழையாய்ச் சொன்னாலும் வேலை நடக்கிறது, யாரும் திருத்திக்கொண்டு நிற்பதில்லை. வகுப்பில் வாய் திறக்காத என் தோழி ஒருத்தி முதன்முதலாக முழு வாக்கியம் பேசியது சாக்குப்பை கட்டும்போதுதான்.

சாப்பாட்டு விடயத்தில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. எங்கள் பக்கத்தில் ஹலால் சொசேஜுக்கும் மரக்கறிச் சொசேஜுக்கும் தனி அடுப்பு வைக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒருமுறை குழுவிடம் கேட்டதால் வந்த வழக்கம் அது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பேசாமல் ஒதுங்கிப் போவதற்குப் பதில் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். வடை, ரோல்ஸ் கொண்டுபோனால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும், கொண்டுபோங்கள்.

பாலர் பாடசாலை, பள்ளிக்கூடம், பிள்ளைகளின் விளையாட்டுக் கழகம், பேண்ட் வாத்தியக் குழு என்று பிள்ளை வளர வளர டுக்னாட்டும் வளரும். “கேக் கொண்டு வாருங்கள்” என்று செய்தி வந்தால் அவர்கள் மனத்தில் இருப்பது கிரீம் பூசிய பிறந்தநாள் கேக் அல்ல. கேக் சுடும் மின்னடுப்பின் முழுத் தட்டையும் நிரப்பும் தட்டையான ‘லாங்பன்னகாக்க’, சதுரமாய் வெட்டிக் கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியது. கச்சான், கஜு போடாதீர்கள். ஒவ்வாமையுள்ள பிள்ளைகள் இருப்பார்கள். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பேண்ட் குழு என்றால் கழிப்பறைக் கடதாசி விற்கச் சொல்வார்கள். நோர்வேயில் இது வெகு சாதாரணம்: பெரிய பெரிய பொதிகளாக வந்து இறங்கும், பெற்றோர் உறவினருக்கும் அயலவருக்கும் விற்று, லாபம் குழுவின் சீருடைக்கும் பயணத்துக்கும் போகும். மே 17 அன்று பள்ளி வளவில் சொசேஜும் ஐஸ்கிரீமும் விற்கும் கடைகளில் நிற்பதும் பெற்றோரே. அந்த நாளில் நேரப் பட்டியல் வந்ததும் முதலிலேயே பேர் போட்டுவிடுங்கள். ஊர்வலத்துக்கு முந்திய நேரத்தை எடுத்தால் பிள்ளை நடப்பதையும் பார்க்கலாம்.

வர முடியாத நாளும் உண்டு. இரவு வேலை, கைக்குழந்தை, உடம்பு சரியில்லை. அப்போது பேசாமல் இருந்துவிடாதீர்கள். வர முடியவில்லை, ஆனால் இதைச் செய்கிறேன் என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஜூலையில் நோர்வேஜியர் பாதிப்பேர் மலைக் குடிலுக்கும் கடற்கரைக்கும் போய்விடுவார்கள், பூச்சாடிகள் காயும். அந்த மாதம் நகரத்தில் இருக்கிற குடும்பங்கள் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எடுத்தால் அதை ஆண்டு முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள்.

இத்தனை நல்லதைச் சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சொல்லுக்கு இழுக்கும் சக்தி அதிகம். 2004இல் நோர்வே ஒலிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சியொன்றில் நேயர்கள் இதை நாட்டின் தேசியச் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1974 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தொலைக்காட்சி நிதி சேகரிப்பில் ஒக்டோபர் ஞாயிறொன்றில் வீடு வீடாக உண்டியலோடு வருகிறவர்கள் அதை டுக்னாட் என்கிறார்கள். 1868இல் தொடங்கிய சுற்றுலாச் சங்கத்தின் மலைப்பாதைகளில் சிவப்பு ‘டி’ எழுத்தைக் கல்லில் பூசுகிறவர்களும் அப்படித்தான். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக நாடு மூடப்பட்டபோது அரசு மக்களிடம் கேட்டதும் இந்தச் சொல்லால்தான்: தேசிய டுக்னாட். அந்த வாரங்களில் எங்கள் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டியவர்கள், முதியோர் இல்லங்களில் நின்றவர்கள், கடைகளில் பெட்டி அடுக்கியவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய வழியில்லாதவர்கள். அவர்களிடம் போய் எல்லோரும் ஒரே சாக்கைப் பிடிக்கிறோம் என்று சொன்னது எனக்கு நெருடியது. சட்டத்தால் கட்டாயமாக்கிய ஒன்றை டுக்னாட் என்று அழைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கட்டாயம் அவசியமாயிருந்தால் கட்டாயம் என்றே சொல்லலாம்.

வேலையிடத்திலும் இந்தச் சொல் வரும். “கிறிஸ்மஸ் நெருக்கடி, கொஞ்சம் டுக்னாட் மாதிரி எடுத்துக்கொள்வோம்” என்று மேலாளர் சொன்னால், அந்த மணித்தியாலங்களுக்குச் சம்பளம் உண்டா என்று அப்போதே, முகம் கோணாமல், கேளுங்கள். லாபம் யாருக்குப் போகிறது என்பதுதான் அளவுகோல். கூரை எங்கள் எல்லோருக்குமானால் அது டுக்னாட். கூரை முதலாளிக்கு மட்டும் என்றால் அது கூலி வேலை, கூலி வர வேண்டும். புதிதாக வந்தவர்கள் மறுத்துப் பேசப் பயப்படுவார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தால் அங்கே போய்க் கேட்கலாம்.

குடியிருப்பவர்களே சேர்ந்து கட்டடத்தை நடத்தும் வீட்டுக் கூட்டுறவுகளிலும் சில இடங்களில் வராதவர்களிடம் காசு கேட்கிறார்கள், வேறு சில இடங்களில் வந்தவர்களுக்கு ஒரு சிறு தொகையைக் கழித்துக் கொடுக்கிறார்கள். காசு கேட்டு ஒரு தாள் வந்தால் உடனே கட்டவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். ‘வேட்டெக்தர்’ எனப்படும் கூட்டுறவு விதிகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அது எல்லா உறுப்பினருக்கும் கிடைக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். என்னைக் கேட்டால் தண்டம் வைத்த அன்றே டுக்னாட் செத்துவிடுகிறது. காசைக் கட்டினோம், கடமை தீர்ந்தது என்று சனம் வீட்டிலேயே இருந்துவிடும். கோப்பி மேசையில் ஆள் குறையும். எங்கள் கட்டடத்தில் இந்த யோசனை வந்தபோது நானும் எழுந்து எதிர்த்துப் பேசினேன், அது கைவிடப்பட்டது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இங்கே பிறந்த பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் இந்தச் சொல் தமிழுக்குள் வந்து குடியேறிவிட்டது தெரியும். “அம்மா டுக்னாட்டுக்குப் போட்டா”, “நாளைக்கு எங்கட டுக்னாட்டில ஆர் கேக் கொண்டு வாறது?” என்று நாலாம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் தடங்கலின்றி ஏறுகின்றன. பெற்றோருக்குப் போகும் செய்தியிலும் நாங்கள் சிரமதானம் என்று எழுதுவதில்லை, டுக்னாட் என்றுதான் எழுதுகிறோம். ஆண்டுவிழா மண்டபம் ஒழுங்குபடுத்தும் நாளுக்கு வேலைப் பட்டியல் போடும்போது மூன்று பத்தியாகப் பிரித்துப் போடுகிறேன்: தூக்கிச் செய்கிற வேலை, நின்று செய்கிற வேலை, இருந்து செய்கிற வேலை. மூன்றாவது பத்திக்குத்தான் முதலில் பேர் நிரம்புகிறது. தாத்தாக்களும் அம்மம்மாக்களும் மாலை கட்டுகிறார்கள், பேர்ச்சீட்டு வெட்டுகிறார்கள், பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா எழுதிக் காட்டுகிறார்கள். இப்படி ஒரு பத்தி உங்கள் ஊர்ப் பள்ளியின் பட்டியலில் இல்லையென்றால் இந்த ஆண்டு சேர்த்துப் பாருங்கள்.